ராமுத்தாய் திருத்திய அறிக்கை

ராமுத்தாய் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. திருப்பூருக்கு வந்து எட்டு வருஷம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். ஊரில் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள் என்று தெரிந்ததும், 2006-இல் அவளை மாடியிலிருந்த ஆபீசுக்கு மாற்றினார்கள். அங்கே கம்ப்யூட்டரில் வேர்டும் பழகிக்கொண்டாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆபீஸ் பெண்கள் மத்தியானம் பேசிச் சிரித்தபடி சாப்பிடப் போவார்கள். நீயும் வா என்று ஒருத்தியும் கூப்பிட்டதில்லை. ஊருக்கு வெளியே நெருப்பெரிச்சல் பகுதியில் குடியிருந்த ஒற்றை அறையிலும் பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

அந்த வருஷம், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிய தொழிற்சாலை அறிக்கை திரும்பி வந்தது. மேனேஜர் சரவணக்குமார் அதை அவள் மேசைமேல் வைத்தார்.

"அஞ்சு பேரு அஞ்சு விதமா அடிச்சிருக்காங்க. தண்ணி சுத்திகரிப்பு பன்னெண்டாம் பக்கம்னு போட்டிருக்குது. அங்க போய்ப் பாத்தா தீயணைப்பு இருக்குதுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருவீங்களா?"

"பாத்துத் தாரேன் சார்."

அறுபத்திரண்டு பக்கம். அடுத்த தலைப்பைப் புதுப்பக்கத்துக்குத் தள்ள யாரோ என்டரை இருபது தடவை தட்டியிருந்தார்கள். ஒரு வரி சேர்த்தால் போதும், பின்னால் இருப்பதெல்லாம் சரிந்துவிடும். அதையெல்லாம் அழித்துவிட்டு, பெரிய தலைப்புகளுக்கெல்லாம் ஒரு ஸ்டைல், உட்தலைப்புகளுக்கெல்லாம் ஒரு ஸ்டைல் என்று கொடுத்தாள். ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தியிருந்த எண்களை அட்டவணைகளில் போட்டாள். மூன்றாம் நாள் வேர்டே பொருளடக்கத்தைத் தானாகப் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் சொன்ன இடத்தில் இருந்தன. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், அவரவர் திரையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கையை பையர் ஏற்றுக்கொண்டார்.

"இனி நம்ம மூணு யூனிட் ரிப்போர்ட்டும் உங்க பொறுப்புதானுங்க," என்று சொல்லி, சரவணக்குமார் அவளுக்குத் தனி அறை ஒதுக்கினார்.

சேதியைச் சொல்ல அன்று மத்தியானம் கீழே போனாள். செக்கிங் மேசையோரம் தரையில், அவளோடு வேலை பார்த்த வேலாத்தாளும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வருஷம் அவளும் உட்கார்ந்த வட்டம். வேலாத்தாள் சட்டென்று எழுந்தாள்.

"வாங்க மேடம். ஏதாச்சும் வேணுங்களா?"

முன்பெல்லாம் "வா புள்ள" என்று நகர்ந்து இடம் விடுகிறவள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாதான் வந்தேன். நீங்க சாப்பிடுங்க."

வேலாத்தாள் சிரித்தாள், உட்காரவில்லை. மற்றவர்களும் சோற்றில் கையை வைத்தபடி காத்திருந்தார்கள். தான் போனால்தான் அவர்கள் சாப்பிடுவார்கள் என்று ராமுத்தாய்க்குப் புரிந்தது. மாடிப்படியில் பாதி ஏறியதும் கீழே பேச்சு மறுபடி தொடங்கியது. என்ன பேசுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்று காதுகொடுத்துக் கேட்டாள்.