சித்தப்பாவுக்குப் பிடித்த குதிரைவண்டி

கால்பந்து ஆடுவது உருப்படாதவர்கள் செய்யும் வேலை என்பது என் அப்பாவின் கொள்கை. கல்கத்தாவில் இருந்துகொண்டு இப்படியொரு கொள்கை வைத்திருக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, கிடர்பூரில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் கோஷ்டியில் வெறுங்காலோடு பந்தாடுகிறவர். அண்ணா ஒரு தடவையாவது தன் ஆட்டத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

மற்றவர்கள் ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி ஓடி, குனிந்து நிமிர்ந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வார்கள். சித்தப்பாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆபீஸ் விட்டதும் கிடர்பூரிலிருந்து மைதானம்வரை ஓட்டமாகவே வருவார். வந்த சூட்டோடு இறங்கினால் கால் பறக்கும்.

ஒரு சனிக்கிழமை அப்பா மனம் இளகினார். இளகியவர் அரைகுறையாக இளகவில்லை. குதிரைவண்டி பிடித்து, ஆறு வயதுப் பெண்ணான என்னையும் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் வாசலுக்கே போய்விட்டார்.

“நான் ஓடியே வந்துடறேனே, அண்ணா. எனக்கு அதுதான் பழக்கம்.”

“ஓடிக் களைச்சுட்டு அங்கே என்னத்தை ஆடுவே? ஏறுடா!”

மைதானத்தில் சித்தப்பா இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தார். “தெம்பை வீணாக்காதே” என்று அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்தார். அண்ணா பேச்சைத் தட்டி அறியாதவர், உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கும்வரை அப்பா அங்கவஸ்திரத்தால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

இறங்கியபோது சித்தப்பாவின் கால் மரக்கட்டையாக இருந்தது. இரண்டு தடவை பந்து அவரைத் தாண்டிப் போயிற்று, இரண்டும் கோல். பாதி ஆட்டத்துக்குப் பிறகு, வியர்த்து உடம்பு சூடுபிடித்ததும்தான் பழைய சித்தப்பாவானார். பறந்து பறந்து ஒரு கோல் போட்டார்.

“பார்த்தியா, ஓய்வெடுத்தது இப்பத்தான் வேலை செய்யறது!” என்று அப்பா என்னிடம் பூரித்துப்போனார்.

அந்த ஒரு கோல் போதவில்லை, தோற்றுத்தான் திரும்பினோம். வண்டியில் அப்பா மெதுவாகக் கேட்டார்: “முதல்லே ஏண்டா அப்படித் தடுமாறினே?”

“தரை ஈரம், அண்ணா. வழுக்கித்து. நீங்க வண்டி வெச்சதனாலதான் கடைசியிலேயாவது ஓட முடிஞ்சது.”

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கும் வண்டி பிடிப்பதாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாளாக மழையே கிடையாது. அந்தப் புல்லில் புரண்டு விளையாடியவள் நான். “இல்லேப்பா, தரை காஞ்சுதான்...” என்று ஆரம்பித்தேன். சித்தப்பா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். உண்மையைச் சொன்னதற்கு எதற்காகக் கிள்ளினார் என்று விளங்காமல், வீடு வரும்வரை அழுதேன்.