மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னது

சட்டசபையில் யார் என்ன பேசினாலும் எழுதி வைப்பதுதான் அவளுடைய வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சுருக்கெழுத்து. ஒரு கமாவைக்கூட விடமாட்டாள் என்று கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கமா அக்கா. பருவநிலை மாற்றமோ பள்ளிக்கூடமோ, எந்த விவாதமானாலும் பத்து நிமிஷம் எழுதிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவாள். வெளியே வந்ததும் எல்லாம் மறந்துபோகும். அத்தனை வாய்ச்சவடாலையும் தலையில் சுமந்தால் மனுஷி உருப்படுவாளா?

அன்றைக்கு மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் கொடுமையைச் சமாளிக்கப் புதுத் திட்டமாம், அதற்குப் பணம் மிச்சம் பிடிக்கச் சின்ன ஆஸ்பத்திரிகளை மூடிப் பெரியதோடு சேர்க்கப் போகிறார்களாம். அவள் தெரு ஆஸ்பத்திரியும் பட்டியலில் இருந்தது. அங்கேதான் அவள் தம்பிக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முடித்துத் திரும்பும்போது அவனுக்கு நிற்கவே தெம்பிருக்காது.

சபையில் ஒரே கூச்சல். அமைச்சர் மைக்கை அணைத்துவிட்டு எதிர்வரிசையைப் பார்த்துக் கத்தினார்: "சரி சரி, டயாலிசிஸ் நடக்கிற இடம் எதையும் மூட மாட்டோம். போதுமா?"

அவளுக்கு உயிர் வந்தது. ஆனால் கை தன் பாட்டுக்கு ஓடியது. மைக்கில் வராத பேச்சைக் குறிப்பில் ஏற்றக்கூடாது. 'குறுக்கீடு' என்று ஒற்றை வார்த்தை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டாள். அமைச்சரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள இரண்டு நாள் அவகாசம் உண்டு. சந்தோஷத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது. தெருவே சேர்ந்து மனுப் போட்டது. அமைச்சர் கொடுத்த வாக்கை அதில் எழுதியவளும் அவள்தான். அப்படி எந்த உறுதியும் அவைக்குறிப்பில் இல்லை என்று பதில் வந்தது. ஆதாரமாக அந்தப் பக்கத்தின் நகலும் இருந்தது.

தம்பி அதை வாங்கிப் பார்த்தான்.

"இது உன் கையெழுத்துதானேக்கா?"

"ஆமாண்டா."

"அவர் சொன்னதை நீ கேட்டேல்ல?"

"கேட்டேன். மைக்குல வரல. அதான் எழுதல."

நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அவன் தாளை மடித்து அவள் கையிலேயே கொடுத்தான்.

"விடுக்கா. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை போறேன். அவ்ளோ தூரம் என்னால அலைய முடியல."

ஒரு தடவை என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.