மீசை வைத்த சூரியன்

எங்கள் வீடு தேனியில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. கட்டிய காலத்தில் அது ஊருக்கு வெளியே. சுதந்திரம் வந்த கையோடு, ஏலக்காய் வியாபாரத்தில் இருந்த என் அப்பாவும் பெரியப்பாவும், பின்னால் பங்காளிச் சண்டை வரக்கூடாது என்று ஒரே முகப்பில் இரண்டு வாசல் வைத்துக் கட்டினார்கள். ஒரே முகப்பில் கட்டினால் சண்டை வராது என்று நம்பியவர்களை என்ன சொல்வது?

இடது பாதி எனக்கு. வலது பாதி பெரியப்பா மகனுக்கு. நடுவில், மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, சிமெண்டில் ஒரு சூரியன். பாதிக் கதிர் என் பக்கம், பாதி அண்ணன் பக்கம். முகத்தில் கண், மூக்கு, முறுக்கு மீசை எல்லாம் உண்டு. தேர்தல் வந்தால் ஒரு கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் சின்னம் என்று கும்பிடுவார்கள், மற்ற கட்சிக்காரர்கள் ஓட்டே கேட்காமல் போவார்கள். அந்த நிம்மதி ஒன்றுதான் அதனால் கண்ட பலன்.

போன வருடம் மதுரையிலிருந்து கட்டடக் கலை படிக்கும் ஒரு பெண் வந்தது. சிவப்புத் தரையைத் தடவியது. உருண்டையாக வளைந்த மாடி முனையைப் படம் எடுத்தது. கோயிலையும் அரண்மனையையும் காப்பாற்ற ஆள் இருக்கிறது, இந்த மாதிரி வீடுகளைக் கேட்க நாதியில்லை, இதுவும் பாரம்பரியச் சொத்துதான் என்றது. ஒரு ஐப்பசி மழைக்கு உள்ளே படுத்துப் பார், அப்புறம் சொல் என்றேன். அறைக்கு ஒரு பிளக், கழிப்பறைக்குக் கொல்லைவரை நடை. இதில் என்ன பாரம்பரியம்?

ஆனால் அது போன பிறகு தெருவில் நின்று பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லாரும் பழைய முகப்பை இடித்துவிட்டு அலுமினியத் தகடு அடித்துவிட்டார்கள். எது வீடு, எது ஸ்கேன் சென்டர் என்று தெரியவில்லை. மூஞ்சி உள்ள வீடு எங்களுடையது மட்டும்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த மீசைக்காரனைப் பிடித்துப்போனது.

பிடித்தால் விடுவார்களா? அண்ணனுக்கு ஏழரைச் சனி. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு சோசியரைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் கொத்தனார் ஏணியோடு வந்துவிட்டார்.

என்ன இது என்று கேட்டேன்.

"சனிக்கும் சூரியனுக்கும் ஆகாதாம்லே. நெத்தியில சூரியன வச்சுக்கிட்டு குச்சனூருக்கு நடந்தா எப்பிடி வெளங்கும்னு சோசியர் கேக்குறாக. என் பாதிய நான் எடுக்கேன். ஒனக்கென்ன?"

எனக்கென்னவா? முகப்புச் சுவர் ஒரே சுவர். அங்கே தட்டினால் இங்கே விரியும். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் ஒரு கதிரின் நுனியைத் தட்டினார். துண்டு நேராக வந்து என் பக்கத்துச் செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. மதினி வாசலுக்கு வந்து, நான் வேண்டுமென்றே தொட்டியை அங்கே வைத்ததாகச் சொன்னார். என் மனைவியும் வெளியே வந்தாள். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது.

கொத்தனார் மட்டும் பொறுமையாக முகம்வரை அளந்துவிட்டு மேலிருந்து கேட்டார்.

"கோடு எங்கன வருதுன்னு ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்கய்யா. இந்த மூக்கு யாரு பங்கு?"

மூக்கு தனக்குத்தான் என்றார் அண்ணன். எனக்குத்தான் என்றேன். மூத்தவன் வழி என்றார் அவர். வெட்கமில்லாமல் அதற்கும் பதில் சொன்னேன். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. உளி மூக்கின் மேல் இருந்தது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"அண்ணே, சனிக்கு சூரியன் யாரு?"

"அப்பன்."

"அப்பனுக்கும் மகனுக்கும் ஆகலேன்னா அது அவுக வீட்டு வெவகாரம். நீயும் பெரியப்பாவும் கடைசிவரைக்கும் மொகம் பாத்துப் பேசல. அதுக்காக எவனாச்சும் பெரியப்பா மூக்குல உளிய வச்சிருந்தா சும்மா விட்டிருப்பியா?"

அண்ணன் மேலே மீசையைப் பார்த்தார். பெரியப்பாவும் அப்படித்தான் முறுக்கிவிட்டிருப்பார். கூட்டத்தில் ஒருவர், அதானே, அப்பனைத் தொட்டால் சனி விடுவாரா என்றார். கொத்தனார் யாரும் சொல்லாமலே உளியை மடியில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஜெயித்தேன் என்று நினைத்தேன். நாசமாய்ப் போக. அடுத்த சனிக்கிழமை அண்ணன் மாடியேறி, மகனைச் சாந்தப்படுத்த அப்பனுக்கு விளக்கு என்று, சூரியனுக்குக் கீழே நல்லெண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டார். அதிலிருந்து வாராவாரம் நடக்கிறது. புகை அவர் பங்கு, என் பங்கு என்று பார்க்குமா? மீசை முழுக்கக் கரி. என் பாதியைக் கழுவி வெள்ளையடித்துக்கொள்கிறேன் என்றதற்கு, "அப்பனுக்கு ஒரு கன்னத்துல மட்டும் வெள்ளையடிப்பியாலே?" என்று கேட்கிறார். என் வாயை என்னிடமே திருப்புகிறார்.

அண்ணனுக்கு முழங்கால் வலி, ஏணி ஏற முடியாது. அதனால் மாதம் ஒரு தடவை நான்தான் வாளியும் தேங்காய் நாருமாக ஏறி முழு மூஞ்சியையும் தேய்க்கிறேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உத்தரவு போடுகிறார்.

"மூக்கையும் நல்லாத் தேயிலே. அது என் பங்கு."