சிவப்பு மை பூசிய எட்டுக் குஞ்சுகள்

பெட்டியின் பக்கங்களில் யாரோ பேனையால் குத்திய துளைகள் இருந்தன. துளைகளில் மாறி மாறி ஒரு அலகு தெரிந்து மறைந்தது. சின்னம்மா அந்தக் காட்போட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிளின் பின்கரியரில் இருந்தார். நான் மிதித்தேன். ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து நாங்கள் தங்கியிருந்த காட்டோரக் குடியிருப்புக்கு நாலு மைல் இருக்கும். வழி முழுவதும் அவர் சொன்னது ஒன்றுதான். “பள்ளத்தில விடாத பிள்ளை, மெல்லப் போ.” நிவாரண நிறுவனம் ஒன்று, கணவனில்லாத குடும்பங்களுக்குப் பத்துப் பத்துக் கோழிக்குஞ்சு கொடுத்தது. பொரித்து இரண்டே நாள் ஆனவை. இயந்திரத்தில் பொரித்ததால் தாய்க்கோழி இல்லாதவை.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, கரையிலேயே கல்யாணம் செய்து, கடலுக்குப் போன கணவன் திரும்பாமல் போனதையும் அதே கரையில் இருந்து பார்த்தவர். சண்டை நெருங்கி, கரையை விட்டு எல்லோரும் எழும்ப வேண்டி வந்தபோது அவருடன் வந்தவர்கள் இரண்டு பேர்: பன்னிரண்டு வயதான அவரது மகளும், இருபத்தொரு வயதான நானும். என் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். பாதை பூட்டியிருந்தது. நான் மரத்தடியில் நடந்த பள்ளிக்கூடம் ஒன்றில் சம்பளமில்லாத ஆசிரியையாக இருந்தேன்.

தன் வளவில், அதாவது வீட்டு நிலத்தில், எங்களுக்கு இடம் தந்தவரை நாங்கள் மூவரும் வளவுக்கார அக்கா என்றே அழைத்தோம். அவருடைய குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தது. காடு வெட்டி உண்டாக்கிய ஒரு ஏக்கரில் கிழக்கு மூலையைக் காட்டி, “இதுல கொட்டில் போட்டுக்கங்க தங்கச்சி. எங்களையும் ஒருத்தர் இப்படித்தான் ஒரு மூலையில விட்டாரு” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

சின்னம்மாவுக்குக் குஞ்சுகள் ஏன் வேண்டியிருந்தன என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை பூப்படைந்து பெரியபிள்ளையானால் காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டை கொடுப்பார்கள். முட்டையின் மேல்பக்கத்தை உடைத்து அப்படியே வாயில் ஊற்றி, வெறுமையான கோதில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வைப்பார்கள். இடுப்புக்குப் பலம் என்பார்கள். மகள் மெலிந்த பிள்ளை. ஒரு வருடத்தில் இரண்டு முறை மலேரியாக் காய்ச்சல் வந்திருந்தது. எண்ணெயைச் சின்னம்மா ஒரு சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருந்தார். கரையை விட்டு வரும்போது எடுத்துவந்த நாலைந்து சாமான்களில் அதுவும் ஒன்று. முட்டைதான் இல்லை. விலைக்கு வாங்க வழியும் இல்லை. “கல்யாண வீடு மாதிரிச் செய்யேலாது. முட்டையாவது என்ர கையால குடுக்க வேணும்” என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொல்லியிருந்தார்.

வளவுக்கார அக்காவிடம் ஒரு சேவலும் மூன்று பேடுகளும் இருந்தன. முட்டையிடுவதை நிறுத்திவிட்ட ஒரு கிழக்கோழி. ஏழு குஞ்சோடு திரிந்த செவலை. எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்த கறுப்பி. எங்கள் குஞ்சுகளை முதல் நாளே செவலைக்குக் கீழே விட்டுப் பார்த்தோம். அது தன் ஏழையும் செட்டைக்குள் இழுத்துக்கொண்டு இவற்றைக் கொத்தித் தள்ளியது. ஆகவே உமி நிரப்பிய பெட்டிக்குள் ஜாம் போத்தல் விளக்கை வைத்துச் சூடு கொடுத்தோம். மண்ணெண்ணெய் துளித்துளியாகக் கிடைத்த காலம் அது. விளக்கு குஞ்சுகளுக்குப் போனதால் நாங்கள் பொழுதுபட முன்னரே சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

“புள்ளைக்கு வெளக்கு இல்ல, கோழிக்கு வெளக்கா? இதுக என்ன பள்ளிக்கூடமா போகுதுக?” என்று வளவுக்கார அக்கா சிரித்தார்.

“ஓம் அக்கா, சோதினை பாஸ் பண்ணினாத்தான் முட்டை போடுங்களாம்” என்றார் சின்னம்மா.

இரண்டு குஞ்சுகள் முதல் கிழமையிலேயே, ஏழு நாள் முடிய முன்னரே செத்தன. எட்டு மிஞ்சின. மகள் காலையில் கறையான் புற்றைக் கொத்தி ஓட்டில் ஏந்திக்கொண்டு வருவாள். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்னும். ஆறாம் கிழமை பெட்டி போதவில்லை. வளவுக்கார அக்காதான் வழி சொன்னார். கூட்டுக்குப் பக்கத்தில் அடைத்து வைக்க வேண்டும். பெரிய கோழிகள் பார்க்க வேண்டும், தொட முடியக்கூடாது. பத்து நாள் பார்த்துப் பழகினால் அலுத்துவிடும். எங்களிடம் இருந்த ஒரு துண்டு மீன்வலையை நாலு தடியில் கட்டினோம். முதல் நாள் கறுப்பி வலையைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்தியது. ஏழாம் நாள் அதே வலையோரத்தில் படுத்து மண் குளித்தது. “ஆமா, இனி பயமில்ல” என்று சொல்லிவிட்டு வளவுக்கார அக்கா வயலுக்குப் போனார்.

நாங்கள் பிழை விட்டது அதற்குப் பிறகுதான். செவலையின் குஞ்சுகளும் எங்களுடையவையும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மண்நிறம். கடலில் வலை போடுகிறவர்கள் தங்கள் மிதப்புகளில் ஒரு நிறம் பூசுவார்கள். வலைகள் ஒன்றோடொன்று சிக்கினாலும் எது யாருடையது என்று கரையில் சண்டை வராது. சின்னம்மா வீட்டு மிதப்புக்குச் சிவப்பு. “நாளைக்கு ஒண்டு குறைஞ்சாலும் கூடினாலும் வந்த ஆக்களைத்தான் பாப்பினம். இடம் தந்த மனிசியோட அப்பிடி ஒரு கதை வரக்கூடாது” என்றார். அந்த மனிசி அப்படி நினைக்கக்கூடியவர் அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் மற்றவருடைய வளவில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் போவதில்லை.

சிவப்புக்கு எங்கே போவது? பிள்ளைகளின் கொப்பி திருத்தப் பள்ளிக்கூட அதிபர் தந்த சிவப்பு மை என்னிடம் அரைப் போத்தல் இருந்தது. நானே எடுத்துக் கொடுத்தேன். சின்னம்மா ஒவ்வொன்றாகப் பிடிக்க, நான் துணித்திரியில் மையைத் தோய்த்து வாலடியில் பூசினேன். இறகுக் குருத்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்த இடம் அது. எட்டும் முடிந்ததும் என் விரல்களும் சிவந்திருந்தன. மகள் வலையை அவிழ்த்தாள்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. குஞ்சுகள் வெளியே வந்து மண்ணைக் கிளறின. கறுப்பி தலையைச் சாய்த்து ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தது. கிட்டப் போய் ஒரு கொத்து. சிவப்பு போகவில்லை. இன்னொரு கொத்து. மூன்றாவதில் வந்தது மை அல்ல. பிறகு சேவலும் கிழக்கோழியும் வந்தன. குஞ்சு ஓடியபோது அதன் பின்னால் எல்லாம் ஓடின. நாங்கள் மூன்று பேர் விளக்குமாற்றோடு துரத்தினோம். ஒன்றை எடுத்து மடிக்குள் வைத்தால் அதற்குள் இன்னொன்றைக் கொத்தின. நான் பிடித்த ஒரு குஞ்சைக் கறுப்பி என் கைக்குள் வைத்தே கொத்தியது. கடைசியில் சேர்த்தெடுத்த குஞ்சுகளை வலைக்குள் விட்டோம். அங்கே அவை தங்களுக்குள் சிவப்பைக் கொத்தத் தொடங்கின. தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். சவர்க்காரம் இல்லை, மை இறகில் ஊறிவிட்டது. எது மை, எது இரத்தம் என்று கோழிக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியவில்லை. சின்னம்மா ஒவ்வொன்றையும் தூக்கித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

மத்தியானம் வளவுக்கார அக்கா வந்தபோது நாலு செத்துக் கிடந்தன.

“சிவப்பா பூசுனீங்க?” அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். “கோழிக்குச் சிவப்புன்னா புண்ணுதான், புள்ள. சாம்பலு, கரி, எது வேணும்னாலும் பூசியிருக்கலாமே. எதுக்கு அடையாளம்? நான் கேட்டனா?”

வளவுக்கார அக்காவே மிஞ்சிய நாலுக்கும் மஞ்சளும் சாம்பலும் குழைத்துப் பூசினார். மூன்று அடுத்த இரண்டு நாளில் போய்விட்டன. ஒன்று பிழைத்தது. வளர வளரத் தெரிந்தது, அது சேவல்.

“கறுப்பிய வெட்டிருவமா தங்கச்சி? கறியாச்சும் வைக்கலாம்” என்று வளவுக்கார அக்கா கேட்டார். அவர் கேட்டது உண்மையாகத்தான். கத்தி கையில் இருந்தது.

“வேண்டாம் அக்கா. அது தன்ர வளவைத்தானே பாத்தது” என்றார் சின்னம்மா.

பின்னாளில் ஒரு பத்திரிகையில் வேலை செய்தபோது, என்ன நடந்தது, எத்தனை, யாரால் என்ற வரிசையில் எழுதப் பழகினேன். அந்தக் காலையை அப்படி எழுதினால் மூன்று வரியில் முடிந்துவிடும். மூன்றாவது வரியில் யாருடைய பெயரைப் போடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மை என்னுடையது. பயம் சின்னம்மாவுடையது. பயப்பட வைத்தவர்கள் அந்த வளவில் இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மகள் பெரியபிள்ளையானாள். சின்னம்மா எண்ணெய்ப் போத்தலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வளவுக்கார அக்கா சேலைத் தலைப்பில் இரண்டு முட்டை முடிந்துகொண்டு வந்தார். அந்த நேரம் செவலை அடையில் கிடந்தது. வளவில் முட்டையிட்டது கறுப்பி மட்டும்தான். அது மகளுக்கும் தெரியும். கூடு திறப்பதும் மூடுவதும் அவளுடைய வேலை.

“கறுப்பியின்ர முட்டையே? எனக்கு வேண்டாம்” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வளவுக்கார அக்கா கொட்டில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சின்னம்மா அவரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. முட்டையைக் கையில் வைத்தபடியே நின்றார். நான் என் விரல்களைப் பார்த்தேன். மைபூசிய கை என்னுடையது. கடைசியில் சின்னம்மா முட்டையைப் பானைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைக்கு எண்ணெயை மட்டும் கொடுத்தார், கரண்டியில்.

அடுத்த நாள் விடியவே வளவுக்கார அக்கா திரும்ப வந்தார். கையில் ஒரு முட்டை. இன்னும் சூடாக இருந்தது. பாயில் இருந்த மகளுக்கு முன்னால் போய்க் குந்தினார்.

“இது செவல முட்டை, புள்ள. காலங்காத்தாலேயே அடையவிட்டு எழும்பி வந்து போட்டுட்டுப் போயிருச்சு. ஒனக்காகத்தான்.”

அடைகிடக்கும் கோழி முட்டையிடாது. அது சின்னம்மாவுக்கும் எனக்கும் தெரியும். மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் முட்டையைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள்.

“உண்மையே அம்மா?”

“ஓம்” என்றார் சின்னம்மா. முட்டையை வாங்கி மேல்கோதை நகத்தால் உடைத்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.