தண்ணி என்றால் சாயம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் 'தண்ணி' என்றால் தேயிலை கொதித்த சாயத்தண்ணிதான். குழாயில் வருவது பச்சைத்தண்ணி. இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை, என் அக்காவின் மகள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று வரை.

அப்போது அவளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது, இன்னும் எழுந்து நிற்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். அக்கா கையில் அடிப்பாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது. லயத்துப் பெண்களோ, "நல்ல கலரா வர்றா, மாப்பிள்ளை வரிசையில நிப்பானுங்க" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்துக்கு வந்த மருத்துவமாதுதான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிங்களப் பெண். பாதித் தமிழில், "புள்ளைக்கு ரத்தம் இல்ல. இந்த மருந்து, காலையில தண்ணியில கலந்து குடுங்க" என்றார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்து.

அக்கா ஒரு நாளும் தவறவில்லை. விடியுமுன் எழுந்து, சாயம் ஊற்றி, சீனி போட்டு, சூப்பிப் போத்தலில் மருந்தைச் சொட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போவாள். அசட்டையாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அதற்கும் வழியில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஓடினோம். வார்டில் ரத்தம் ஏற்றினார்கள். எனக்குச் சிங்களம் வரும் என்பதால் பேச்செல்லாம் என் வழியாகத்தான். மருந்தை எதில் கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

"தண்ணியிலதான்" என்றாள் அக்கா.

தண்ணீருக்குச் சிங்களத்தில் 'வத்துர' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அது பச்சைத்தண்ணி இல்லை, பால் கலக்காத தேநீர் என்று சொன்னேன்.

 சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, பசியையும் அடக்கிவிடும், இனி சாயம் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்றார் டொக்டர். அக்கா என் முந்தானையை இழுத்தாள்.

"அப்ப பசிச்சா என்னத்த குடுக்கிறது? கேட்டு சொல்லுடி."

கேட்டேன். முட்டை, மீன், ஈரல், பருப்பு, கீரை என்றார் டொக்டர். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும், வாங்கக் காசிருப்பவளைப் போல, அக்கா தலையாட்டினாள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். அதை என் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததே என்றுதான் கோபம்.

வீட்டுக்கு வந்தபின் மருந்தைப் பச்சைத்தண்ணியில்தான் கொடுத்தாள். கீரை ஆய்ந்து, பருப்போடு மசித்து ஊட்டினாள். சம்பளத்துக்கு முந்திய வாரம் பருப்பும் தீர்ந்தது, மாவும் தீர்ந்தது. ஒரு காலையில் குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. நான் லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் பானையைத் திறந்து பார்த்தேன். அங்கும் ஒன்றுமில்லை. திரும்பி வந்தபோது அக்கா சாயக் கேத்தலைப் போத்தலில் சரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கி மட்டுந்தான்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

குழந்தை இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக் குடித்தது. அழுகை நின்றுவிட்டது.