கோணலாகப் போன ஒரு பந்துமுடிச்சு

திரைச்சீலையை ஓரமாக ஒதுக்கிக் கட்டுகிற கயிற்றின் நுனியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பந்து தொங்குமே, அதை முடிவதுதான் அவளுடைய வேலை. திரைக்கடையின் பின்னறையில் ஜன்னலோரம் அவளுக்கு ஒரு ஸ்டூல். கடையில் அவள் பெயர் முடிச்சக்கா. அவளைவிட வயதில் மூத்த முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இடதுகை விரல்களின் மேல் கயிற்றை மூன்று சுற்று சுற்ற வேண்டும். அதைக் கலையாமல் விரலிலிருந்து உருவி, குறுக்கே மூன்று சுற்று. நடுவில் ஒரு மரமணியை வைத்து, உள்ளும் வெளியுமாக இன்னும் மூன்று. அதுவரைக்கும் அது பூனை விளையாடிப் போட்ட கயிறு மாதிரிதான் இருக்கும். பிறகுதான் இறுக்குவது. ஒரு சுற்றின் தளர்ச்சியை அடுத்த சுற்றுக்குத் தள்ளித் தள்ளி, கடைசி நுனி வழியாக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஓரிடத்தில் இழுத்தால் பந்து கத்தரிக்காய் ஆகிவிடும்.

பின்னறையில் இன்னொருத்தர் தையல்காரம்மா. முடிச்சக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்தான் கேட்டார்.

"வீட்டுக்காரர் என்ன பண்றாரு?"

"வெளிநாட்டுல இருக்காரு."

எங்கோ இருக்கிறார் என்பது மட்டும் உண்மை. ஒருநாள் கிளம்பிப் போனவர் போனவர்தான். ஆனால் இடதுகை விரலில் கல்யாண மோதிரம் இருந்ததால் பேச்சு அதோடு நின்றது. அதனாலேயே அவள் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்ன பிறகு அந்த அறையில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது என்று நினைத்தாள்.

அடுத்த கேள்விக்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தாள். லீவு கிடைக்கலை. கம்பெனி மாறிட்டாரு. தன் ஒற்றை அறையில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடும்போது இதெல்லாம் யோசிப்பாள். ஒரு தடவை அவருக்கு முதுகுவலியை வரவழைத்தாள். யாரும் விசாரிக்காமலே போனதால் அவளே அதைக் குணப்படுத்தியும் விட்டாள்.

ஒருநாள் மாலை வீட்டில் தட்டைக் கழுவும்போது கையைப் பார்த்தாள். விரல் வெறுமையாக இருந்தது.

எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மத்தியானம் அவள் முடிந்த பந்துகளில் ஒன்று மட்டும் உருண்டை சேராமல் அடம்பிடித்தது. மணி கோணல் என்று திட்டிக்கொண்டே இன்னும் இறுக்கினாள். அவள் இளைத்துப்போயிருந்தாள், விரலும்தான். சுற்றுகளை உருவும்போது மோதிரமும் கூடவே போயிருக்கிறது. பந்துகள் எல்லாம் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டன.

மறுநாள் காலை நேராக அந்த ஓட்டலின் கூடத்துக்குப் போனாள். திரை மாட்டுகிறவர் ஏணி மேல் இருந்தார். அவள் ஜன்னல் ஜன்னலாகப் போய் ஒவ்வொரு பந்தையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பந்துக்கெல்லாம் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்குறீங்க?"

"ஒண்ணு சரியா வரலை."

"நூறடி தள்ளி நிக்கிறவன் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். விடுங்க."

மூலை ஜன்னலில் அது கிடைத்தது. ஒருபக்கம் கட்டைவிரலுக்கு மேடு தட்டியது.

"கத்தரி தரவா?"

"வேணாம்."

தரையில் உட்கார்ந்து, இறுக்கிய வழியிலேயே பின்னோக்கி அவிழ்த்துக்கொண்டு போனாள். இழுத்த இழுப்புக்குக் கயிறு லேசில் விடவில்லை. கடைசியில் மணி உருண்டு ஓடியது. மோதிரம் மடியில் விழுந்தது. எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கையைத் தொங்கவிட்டதும் நழுவி வந்தது. பர்சில் போட்டுக்கொண்டு, சுருள் சுருளாக நின்ற அதே கயிற்றில் மறுபடி முடிந்து மாட்டினாள். இப்போது உருண்டையாகவே வந்தது.

கடைக்கு வெறும் விரலோடுதான் போக வேண்டியிருந்தது. தயாராக வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. இடதுகையை மடியில் மறைக்கவும் முடியாது, கயிறு சுற்ற வேண்டிய கையே அதுதான். தையல்காரம்மா நிமிரும்போதெல்லாம் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் நூல் கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முதலாளி வந்து பந்தை அவள் கையிலிருந்தே வாங்கிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளும் யாரும் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும்.

மோதிரத்தில் நூல் சுற்றிச் சிறியதாக்கலாம் என்று பர்சிலிருந்து எடுத்தவள், திரும்ப உள்ளேயே போட்டுவிட்டாள். அந்த வாரக் கடைசியில் தையல் மெஷின் ஓய்ந்த ஒரு நேரத்தில் அவளே பேச்சை எடுத்தாள்.

"மோதிரத்தைக் கழட்டிட்டேன்."

தையல்காரம்மா வாயில் குண்டூசிகள் இருந்தன. "எந்த மோதிரம்?"

"கையில போட்டிருந்தேனே."

"போட்டிருந்தியா?" அவர் துணியை மடித்துக் குத்தினார். "நான் எங்க கவனிச்சேன்."

முடிச்சக்காவின் விரல்களில் பாதிச் சுற்று அப்படியே நின்றது. இத்தனை காலமும் அந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான்.

"எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இல்ல."

"வந்துட்டாரா?"

"எங்க இருக்காருன்னே தெரியாது. ரொம்ப நாளாவே."

தையல்காரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"அப்ப லீவு நாள்ல என்னதான் பண்ணுவ?"

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று எத்தனையோ பதில்கள் செய்து வைத்திருந்தாள். இதற்கு ஒன்றுமே இல்லை.

"துணி துவைப்பேன்," என்றாள்.

தையல்காரம்மா தலையாட்டினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. முடிச்சக்கா சுற்றுகளை விரலிலிருந்து உருவி, குறுக்கே சுற்றி, நடுவில் மணியை வைத்தாள்.