முந்திரிக்கொட்டைக்கு ஒரு செக்கு

செய்தி வந்தபோது மதியச் சாப்பாட்டு வேளை. அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் தம்பியின் மனைவி.

"ராத்திரியெல்லாம் வேலைன்னு அவரை எழுப்பாம விட்டுட்டேன் அண்ணி. எழுந்திருக்கவே இல்ல."

ஒரே கம்பெனி, வேறு வேறு மாடி. அக்காவுக்குக் கணினியின் அடிமடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல். தம்பிக்கு, மனிதர் எழுதும் நிரலை எந்திரத்தின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர்.

சின்ன வயதில் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்வான். வீட்டில் அவன் பெயர் முந்திரிக்கொட்டை. கணினியின் மூளையான ப்ராசசரும் அப்படித்தான் என்று தெரிந்தபோது அவனுக்கு ஒரே குஷி. அடுத்து எங்கே தாவுவது என்று உத்தரவு வருமுன்பே ஊகித்து ஓடிப்பார்க்கும். ஊகம் தப்பினால் திரும்பிவிடும். ஓடிய தடம் மட்டும் தங்கிவிடும். அந்தத் தடத்தை வைத்து ரகசியத்தைத் திருடலாம்.

"என் இனம்க்கா அது, வையாதே. ஓடுற இடத்துல செக்குமாட்டு வேலை குடுத்துடுவோம். சுத்திக்கிட்டே கிடக்கட்டும், தடம் எங்கயும் பதியாது."

இப்படி ஊகிக்கும் ஒவ்வொரு தாவலிலும் அந்தச் செக்கைப் புதிய கம்பைலர் வைத்துவிடும். பழைய கம்பைலருக்கு அது தெரியாது. அதைக்கொண்டு கெர்னலைக் கட்டினால் ஓர் எச்சரிக்கை வரி ஓடும், வேலை முடிந்துவிடும். பாதுகாப்பு இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பழையதைக் கொடுத்தால் கட்டுமானமே நின்றுவிட வேண்டும் என்று மல்லுக்கட்டினான் தம்பி.

"எச்சரிக்கையை எவன்க்கா படிக்கிறான்? நீயே படிக்க மாட்டே."

தம்பியின் தகனமெல்லாம் முடிந்து உறவுகள் கலைந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"இப்பக் கேக்கக் கூடாதும்மா. நாளைக்கு வெளியிடணும். எச்சரிக்கையோட விட்டுடலாமா?"

உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தது. சரி என்றால் போய்ப் படுத்துவிடலாம்.

"வேணாம் சார். பழைய கம்பைலர்னா கட்டுறது நின்னாத்தான் சரி."

"தம்பிக்காகவா?"

"அப்படியே வச்சுக்குங்க. ஆனா அவன் சொன்னது நியாயம்."

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க."

தம்பியின் மடிக்கணினியை அவன் மனைவி கொண்டுவந்து வைத்தாள். பழையதைத் தடுக்கும் நிரலை அவன் எழுதித்தான் வைத்திருந்தான். அக்கா பழைய கம்பைலரைக் கொடுத்துப் பார்த்தாள். கட்டுமானம் பட்டென்று நின்றது. புதியதைக் கொடுத்தாள், ஓடியது. அனுப்பிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

கெர்னல் அந்தத் தடையுடனேயே வெளியானது. கட்டுமானம் நிற்கும்போது திரையில் வரவேண்டிய செய்தி மட்டும், தம்பி பாதியில் விட்டபடி, "இந்தக் கம்பைலர் பழையது, நீங்கள்" என்பதோடு இருக்கிறது. அதற்குமேல் யாரும் எழுதவில்லை.